ஹார்க்ராஃப்ட் கட்டின கட்டடங்கள்

அவனைப் பத்தியா? ஹார்க்ராஃப்டைப் பத்திக் கேக்கவா தலைநகர்லேர்ந்து ரெண்டு நாள் வண்டி கட்டிக்கிட்டு வந்தீங்க? நல்ல ஆளுய்யா நீங்க. உக்காருங்க. சைடர் இருக்கு, ஊத்திக்குங்க.

புதுச் சட்டசபைக் கட்டடத்தை அவன் கையில குடுக்கப் போறீங்களாக்கும். உங்க கமிட்டிக்கு வேற ஆளே அகப்படலையா?

பதினெட்டு வருஷம் அவன் கட்டடத்துக்குக் கல்லு வெச்ச கொத்தன் நான். ஒரு நாள் கரண்டி புடிச்சிருப்பானா? மாட்டானே. தோல் கையுறை அழுக்காயிடுமே. பிலடெல்பியாவுல எவனோ ஒரு தச்சன்கிட்ட கோடு போடக் கத்துக்கிட்டு, ஆர்க்கிடெக்டுன்னு தனக்குத்தானே பேரு வெச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வந்து சேந்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

மொதல்ல ஜெயில் கட்டினான். புகைபோக்கி வழியாப் புகை போகவே போகாது. கைதிய உள்ள பூட்டிட்டு ஷெரிப்பு இருமிக்கிட்டே பனியில நிப்பாரு. அப்புறம் கோர்ட்டு. பன்னி திருடுனவனை விசாரிக்கிறதுக்கு கிரேக்கக் கோயிலாட்டம் எட்டுத் தூணு! ஜட்ஜு ஆறு மாசம்னு ஒரு தரம் சொன்னா ரெண்டு தரம் கேக்கும். ஒருத்தன் ஒரு வருஷம்னு நெனச்சு மயங்கியே விழுந்தான். சிரிக்காதீங்க, நான் கண்ணால பாத்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரியா? அதுல ஒண்ணும் குத்தமில்ல. எங்க கல்லு வேலை நல்லா இருந்துச்சு, அதான்.

ஆமா, வர்றேன், அதைக் கேக்கத்தானே வந்திருக்கீங்க. பத்திர ஆபீசு. தீப்புடிச்சா ஊரு நிலப்பத்திரம் எல்லாம் எரிஞ்சிடுமாம், மரமே ஆகாது, கூரை முச்சூடும் செங்கல் வளைவுன்னான். விழுந்துச்சு. அமோஸ் செத்தான். என் மச்சினன், பொஞ்சாதியோட தம்பி. இருபத்திரெண்டு வயசு.

அன்னையிலேர்ந்து அஞ்சு வருஷமா எவனும் அவனுக்கு வேலை குடுக்கலை. மாட்டுக் கொட்டாய்க்குப் படம் போடுறானாம். போடட்டுமே.

என்ன? விசாரணையில அவனே ஒத்துக்கிட்டானா? ஒத்துக்கிட்டான். படம் என்னுது, தப்பும் என்னுதுன்னு தொப்பியக் கழட்டிட்டுச் சொன்னான். என்னை ஒரு தரம் பாத்தான், அவ்வளவுதான். அந்தத் திமிரைத்தான்யா சொல்றேன். எனக்கு நாலு புள்ளைங்கன்னு அவனுக்குத் தெரியும். நான் கேட்டனா? அவன் கால்ல விழுந்தனா?

அந்த வளைவுக்குப் பனி விழுந்தப்புறம் வெச்ச காரை. வெளிய கல்லாட்டம் தெரியும், உள்ள ஈரம் உறைஞ்சு கெடக்கும். ஏப்ரல் முடியுற வரைக்கும் வளைவைக் கீழேர்ந்து தாங்குற முட்டுக் கட்டையத் தொடாதேன்னு, பிலடெல்பியா போயிருந்தவன் அங்கேர்ந்து எனக்கு எழுதியிருந்தான். கரண்டி புடிக்காத பய எனக்குக் காரை காயுறதைச் சொல்லித் தர்றானான்னு, மார்ச்லயே அமோஸை உள்ள அனுப்பி முட்டைத் தட்டி எடுக்கச் சொன்னேன்.

கடுதாசியா? இருக்கு. அந்தக் கரண்டிப் பெட்டிக்கு அடியில பாருங்க. ஆமா, அதான். அவன் கையெழுத்துதான், தேதியும் இருக்கும். எடுத்துக்கிட்டுப் போய்க் கமிட்டியில படிங்க.

சீக்கிரம் கெளம்புங்க, என் பொஞ்சாதி சர்ச்சுலேர்ந்து வர்ற நேரம். தம்பியக் கொன்னவன்னு அஞ்சு வருஷமா அவனைத்தான் சபிச்சுக்கிட்டிருக்கா. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்.