ஒரு நாள் டூபே

வெலாபி: தலையில தொப்பிய வெச்சுக்கிட்டு, நின்னுக்கிட்டே பீர் குடிக்கிறானுங்க பாரு தோலக்கெலே. தொட்டியில மாடு குடிக்கிற மாதிரி.

தோலக்கெலே: மெதுவா அண்ணே. கூட நடந்து வர்றவங்க காதுல விழப்போகுது.

வெலாபி: விழட்டுமே. ஜெர்மன்காரனுக்கு நம்ம பேச்சு புரியுமா?

தோலக்கெலே: பீர்க் கடை கடையா நம்மள நடத்திக் கூட்டிட்டுப் போறாளே அந்தப் பொண்ணு, அவளுக்குப் புரியும்.

வெலாபி: ...சரி. ரெண்டு கடை ஆச்சு. ரெண்டுலயும் நான் வாய் வைக்கல. காய்ச்சினவன் முதல் வாய் குடிக்காமலே நீட்டுறான். எத நம்பி வாங்கிக் குடிக்க?

தோலக்கெலே: குடிக்கல. ஆனா மூக்க மட்டும் உள்ள விட்டு விட்டு...

வெலாபி: மோந்து பாக்குறது வேற. ரெண்டாவது கடையில ஆரஞ்சுத் தோல் வாசம் வந்துச்சுல்ல? பீருக்குள்ள எதுக்கு ஆரஞ்சு?

தோலக்கெலே: அவன்கிட்டயே கேட்டிருக்கலாமே.

வெலாபி: கேட்டேன். சும்மா ஒரு ருசிக்குங்கிறான். அது ஒரு பதிலா?

தோலக்கெலே: லீவுக்கு கேப் டவுன் வந்தவர் மாதிரி கொஞ்சம் சிரிங்க அண்ணே.

வெலாபி: எஷோவேலேர்ந்து இவ்ளோ தூரம் லீவுக்கா வந்தேன் நான்? நம்ம தம்பி போய்ச் சேந்துட்டான். அவன் மகனுக்குப் பொண்ணு கேட்டு ஆள் அனுப்ப வேண்டியவன் நான். அந்தப் பய, பீர் காய்ச்சி விக்கிறவளத்தான் கட்டுவேன்னு நிக்கிறான். நம்ம ம்க்வானாஸி வீட்டுக்கு அப்படி ஒரு மருமகளா? கண்ணால பாத்துட்டு, வேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.

தோலக்கெலே: பாக்குறதாம்! போட்டோ காட்டினேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. அவ எந்த வீட்டுப் பொண்ணுன்னு சொல்ல வந்தேன், காதப் பொத்திக்கிட்டீங்க.

வெலாபி: குடும்பப் பேரக் காதுல வாங்கிட்டா கல்யாணப் பேச்சு ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும். இந்த ஆல்பர்ட் ரோட்டுல எங்கயோ காய்ச்சுறா, அது போதும். யாராவது கேட்டா நம்ம பேரயும் மாத்திச் சொல்லிடுவேன். ம்க்வானாஸின்னா அவளுக்கு உடனே தெரிஞ்சு...

நொக்வாஸி: ஐயா, அம்மா, வாங்க வாங்க! இன்னைக்குக் காத்து ஆளையே தூக்குது. இதுதான் கடைசி இடம், உள்ள வாங்க. காலையில ஐயா பேரு சரியாக் கேக்கல...

வெலாபி: பேரா? ...டூபே.

தோலக்கெலே: க்ஹும்... க்ஹும்...

வெலாபி: உனக்கு என்ன இருமல்?

தோலக்கெலே: காத்து அண்ணே, காத்து.

நொக்வாஸி: டூபேவா! அட, நானும் டூபேதான். ஒரே குலப் பேருன்னா நாம பங்காளி வீடு. நீங்க எனக்குப் பெரியப்பா! தெரியாம ஐயா ஐயான்னுட்டிருந்தேனே.

வெலாபி: அது... டூபேன்னு நாட்டுல எத்தனையோ பேர் இருக்காங்கம்மா.

நொக்வாஸி: இருந்தா என்ன? ரத்தம் ஒண்ணுதானே. இந்த ஸ்டூல்ல உக்காருங்க பெரியப்பா. உங்கள நிக்க வெச்சுக் குடிக்கக் கொடுப்பேனா?

வெலாபி: இங்க யாரு காய்ச்சுறது?

நொக்வாஸி: நாந்தான். சனிக்கிழமைன்னா ஆளுங்களக் கூட்டிட்டு நடப்பேன். மத்த நாளெல்லாம் காய்ச்சுற வேலை. இருங்க, முதல் வாய் நான் குடிச்சுடுறேன்... ம். இப்ப வாங்கிக்கங்க.

வெலாபி: ...ரெண்டு கையால தர்றே.

நொக்வாஸி: பெரியப்பாவுக்கு ஒத்தக் கையாலயா தருவாங்க?

தோலக்கெலே: தொப்பி அண்ணே.

வெலாபி: கழட்டுறேன், கழட்டுறேன்... இது சோளமா?

நொக்வாஸி: சிவப்புச் சோளம். முளை கட்டினது.

வெலாபி: விறகடுப்பா? புகை வாசம் வருதே.

நொக்வாஸி: கேஸ் அடுப்புதான். ஒரு தடவ சோளத்தத் தெரியாமக் கருக விட்டுட்டேன். குடிச்சுப் பாத்தா நல்லாருந்துச்சு. அதுலேர்ந்து தெரிஞ்சே கருக்குறேன்.

வெலாபி: ஹ! ...இன்னும் கொஞ்சம் ஊத்து. அந்தப் புளிப்பு எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்.

தோலக்கெலே: பாருங்க, பாருங்க. நல்லாப் பாருங்க.

நொக்வாஸி: பெரியப்பா... ஒண்ணு கேக்கலாமா? எங்கப்பா இப்ப இல்ல. இந்த ஊர்ல டூபே வீட்டுப் பெரியவங்க யாரையும் எனக்குத் தெரியாது. ஒரு வீட்டுலேர்ந்து என்னைக் கேட்டு வரணும். அங்க இருக்குற பெரியவர் தடுக்குறாராம். பீர் விக்கிறவ வேணாமாம். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

வெலாபி: ...எந்த ஊரு அந்த வீடு?

நொக்வாஸி: எஷோவே பக்கம்.

தோலக்கெலே: தண்ணி... எனக்குக் கொஞ்சம் தண்ணி...

வெலாபி: நீ சும்மா இரு!

நொக்வாஸி: சங்கடமா இருந்தா விட்டுடுங்க பெரியப்பா.

வெலாபி: இரும்மா. டூபேன்னு என் வாயால சொன்னேன். சொன்ன வாய் டூபே வீட்டுக்காகப் பேசித்தான் ஆகணும்... கேட்டுக்க. எங்க பொண்ணு எதையும் ஒளிச்சுத் தர்றவ இல்ல. தான் குடிச்சுட்டுத்தான் அடுத்தவங்களுக்குத் தர்றா. அவள வேணாம்னு சொல்றவன் எங்க வாசலுக்கு வரட்டும். பொண்ணு கேட்டுப் பேச வர்றவங்க மாதிரி, வாசல்ல நின்னு தன் குலத்துப் பேர உரக்கக் கூவிட்டு, அப்புறம் சொல்லட்டும்.

தோலக்கெலே: அண்ணே...

வெலாபி: பேரச் சொல்லத் துணிவில்லாதவன், பொண்ணப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. அந்தக் கிழவன்கிட்ட இத அப்படியே சொல்லு.

நொக்வாஸி: கிழவன்னேவா? கோச்சுக்குவாரே.

வெலாபி: கோச்சுக்க மாட்டான். கேட்டுக்குவான்... போய்ச் சொல்லு.

நொக்வாஸி: நான் எங்கயும் போக வேணாம். அவர் தொப்பியக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுட்டார். வழியில நீங்க பேசினதக் காத்து என் காதுலயும் போட்டுடுச்சு... இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, மாமா?