பறக்காத காக்கா

சரி, கையில குடுத்த அட்டைய கொஞ்சம் கீழ வைங்க. அந்தப் போன் நம்பர் எங்கயும் ஓடிடாது. அதுக்கு முன்னாடி ஒரு சமாச்சாரம் சொல்லிடறேன், குட்டிக் கதைன்னே வச்சுக்கங்க... கதையில ஒரு முட்டாள் வர்றான். அவன் யாருன்னு நானே சொல்றேன், நீங்க தேட வேணாம்.

ஒரு கழிமுகம். ஊர் பேர் வேணாம். அங்க செஞ்சியம்மான்னு ஒரு அம்மா. அவங்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவு தண்ணியில உக்காந்து, சேத்துக்குள்ள பத்து விரலையும் விட்டுத் துழாவி எறா பிடிப்பாங்க. பிடிச்ச எறாவ போடறதுக்கு ஓலையில முடைஞ்ச பறி ஒண்ணு. ரெண்டு கையும் சேத்துல இருக்கே, பறிய எதால பிடிக்கறது? பல்லால. கடிச்சுக்கிட்டே இருக்கணும். இருபது வருஷம் அப்படி. அந்தம்மாவுக்குக் கண்ணு எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க? விரல்ல இருக்கு.

ஒரு நாள் காலையில, பழைய பாலத்துக்குப் பக்கத்துல, சேத்துக்குள்ள ஏதோ விரலக் கிழிச்சிடுச்சு. எடுத்துப் பாத்தா நகம் அளவுல கறுப்பா சிப்பி. தனித்தனியா இல்ல... கொத்து கொத்தா, நாரு விட்டு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு. கூட இருந்த பொம்பளைங்க, மட்டிதானே, தூக்கிப் போடுன்னாங்க. இந்தம்மா போடல. இருபது வருஷமா என் விரலுக்குத் தெரியாத ஒண்ணு இந்தச் சேத்துல எப்படி வந்துச்சு? கேட்டாங்க பாருங்க, அதான் கேள்வி.

அடுத்த கழிமுகத்துல இருக்கற சொந்தக்காரங்க இதப் பத்திச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. வெளிநாட்டுக் கப்பலோட வந்த சிப்பி. ஆழின்னா சிப்பி. கறுப்பா இருக்கறதால அதுக்கு அவங்க வச்ச பேரு காக்கா ஆழி. பாய் விரிச்ச மாதிரி சேத்த மூடிடும். மூடிட்டா எறா எங்க போய்ப் புதையும்? எறா இல்லன்னா செஞ்சியம்மா வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

இப்படி வெளியில இருந்து வந்து பரவறதையெல்லாம் கவனிக்கற ஆபீசுக்கு அன்னிக்கே போன் போட்டாங்க. கவனிங்க... அன்னிக்கே. "சார், பழைய பாலத்தாண்ட காக்கா ஆழி வந்துக்குது. ஒரே எடத்துலதான் கீது. சீக்கிரம் வாங்க." போன எடுத்தவன் எழுதிக்கிட்டான். என்ன எழுதினான்? "காக்கா அழிக்கக் கோரிக்கை." ஆழிக்கு ஒரு சுழி போடணும்ல? போடல.

ஆறு வாரம் கழிச்சு செஞ்சியம்மாவுக்குக் கடுதாசி வருது. "காகங்களை அழிக்கும் பணி இப்பிரிவைச் சார்ந்தது அல்ல என்று தெரிவித்துக்கொள்கிறேன்." கையெழுத்து, முத்திரை, எல்லாம் பக்காவா இருக்கு. சிரிக்கறீங்க... நல்லா சிரிங்க. போன எடுத்து எழுதினதும், அந்தக் கையெழுத்துப் போட்டதும் ஒரே கைதான்; அதுதான் இப்ப இந்த மைக்கப் பிடிச்சிருக்கு.

மறுநாள் ஆபீசுக்கு வந்தாங்க. கையில தூக்குவாளி. சாப்பாடுன்னு நினைச்சேன். மூடியத் திறந்து என் மேசை மேல கவுத்தாங்க. கறுப்புச் சேறு, கொத்துச் சிப்பி, ஃபைலெல்லாம் நனைஞ்சு போச்சு.

"நீ எழுதுன காக்கா இதான் சார். பறக்குதா பாரு."

பறக்கலீங்க. நான்தான் நாற்காலிய விட்டு எழுந்தேன். எங்க இருக்கும்மான்னு கேட்டு மேப்ப விரிச்சேன். குனிஞ்சு பாத்தாங்க. இதுல எங்க எடம் ஒண்ணுமே இல்லியேன்னாங்க. நிஜம்தான். எங்க மேப்புல அவ்வளவு தண்ணியும் ஒரே நீலம். அவங்களுக்கு? "இது பழைய பாலம், இது கோரைத்தொறை, இது நண்டுப்பள்ளம், இங்கதான் நான் எறா பிடிக்கறது..." அவங்க விரல் வைக்க வைக்க நான் பென்சிலால பேர் எழுதினேன்.

அடுத்த நாள் அவங்களும் இன்னும் நாலு பொம்பளைங்களும் தண்ணியில இறங்கிட்டாங்க. நான் படகுல, மேப்போட. சேத்தத் தடவிக்கிட்டே போறாங்க. சிப்பி கிடைச்ச எடத்துல ஒரு குச்சி நட்டு, சிவப்புப் புடவைக் கிழிசல் கட்டணும். ஒரு குச்சி எழும்புது... நான் ஒரு புள்ளி வைக்கறேன். இன்னொண்ணு... இன்னொரு புள்ளி. மூணாவது. மூணே மூணு எடம்! பிடிச்சிடலாம், இன்னும் பிடிச்சிடலாம்! ஆனா போன் போட்ட அன்னிக்கு எத்தனை எடம்? ஒண்ணு. நடுவுல இருக்கறது என்னோட ஒரு சுழி.

மூணாவது குச்சி எங்க நின்னுச்சு தெரியுமா? நண்டுப்பள்ளத்துல. செஞ்சியம்மா என்னைத் திட்டல. அந்தக் குச்சிய இன்னும் ஆழமா அழுத்தி நட்டுட்டு, மேல தடவிக்கிட்டே போனாங்க. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு எனக்கு.

அப்புறம் ஊரே இறங்குச்சு. தண்ணி வத்தற நேரம் பாத்து, கையாலயே பிடுங்கி, சாக்குல அள்ளி, கரையில குழி வெட்டிப் புதைச்சோம். ஒண்ணு கூடத் திரும்பத் தண்ணிக்குப் போகக் கூடாது. நானும் இறங்கினேன், தழும்பு இருக்கு பாருங்க. ரெண்டு எடம் ஒன்பதே நாள்ல சுத்தம். நண்டுப்பள்ளம் மட்டும் மாசக்கணக்கா இழுத்துச்சு. வாராவாரம் அந்தம்மா தடவிப் பாத்துச் சொல்லுவாங்க, நான் மேப்ப மாத்துவேன்.

பங்குனியில ஒரு காலையில போன் அடிச்சுது.

"சார், எழுதிக்கோ. நண்டுப்பள்ளத்துல ஏழு எறா."

எழுதினேன். அந்தம்மா விடல.

"இன்னா எழுதுன, படி."

படிச்சேங்க. எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.

முன்வரிசை அக்காங்களே, உங்களுக்குத்தான் சொல்றேன். உங்க தண்ணியில, உங்க வயக்காட்டுல, முன்ன பாக்காத ஒண்ணு கண்ணுல பட்டா, கையில பட்டா... பேர் தெரியணும்னு காத்திருக்காதீங்க. அன்னிக்கே கூப்பிடுங்க. எந்த எடம்னு உங்க ஊர்ப் பேரிலேயே சொல்லுங்க, மேப்புல இல்லன்னா நாங்க எழுதிக்கறோம். ஒரு எடத்துல இருக்கறப்போ ஒரு சாக்கு போதும். ஊரெல்லாம் பரவிட்டா ஊரே இறங்கினாலும் பத்தாது.

இப்ப அட்டைய எடுங்க. அதுல இருக்கற நம்பர எடுக்கப்போறது நான்தான்... அதனால சொல்லி முடிச்ச உடனே போன வச்சுடாதீங்க. "இன்னா எழுதுன, படி"ன்னு கேளுங்க.