கை காட்டினால் நிற்கும் பஸ்

"பக்கத்துத் தெருவுக்கே வழி கேக்கிறவள், இங்கிலாந்திலை தனியப் போய் என்ன செய்வாள்?" என்று மாமா ஒருமுறை என்னைப் பற்றிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான்.

நேற்று எங்கள் நகரின் புருசெத் நிலையத்தில் ரயில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு எதிரே இருந்தார்கள். மனைவி லெஸ்டரில் இருக்கும் மகளிடம் தனியாகப் போய் வந்தவர்.

"மூண்டு பஸ் என்னைப் பாத்துக்கொண்டே போனது, அப்பா," என்று மனைவி கணவனிடம் சொன்னார்.

"உம்மைக் கண்டு பயந்திருப்பான்."

"கை காட்டினால்தான் நிப்பாட்டுவாங்களாம். நான் இஞ்சத்தை மாதிரிச் சும்மா நிண்டனான்."

"பிறகு?"

"பிறகென்ன, அடுத்ததுக்குக் கையை நீட்டினன். நிண்டது."

"மகளின்ரை பிள்ளைப்பேறுக்குப் போகேக்கை நானும் வாறன். தனிய விடேலாது."

"வேண்டாம். உங்களையும் ஏத்தி இறக்க எனக்கு ஏலாது. நான் தனியத்தான் போவன்."



"சரி. இறங்கினவுடனை ஒரு கோல் எடும்."

"ஓம், எடுக்கிறன்."

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் படிக்கக் கிடைத்த இடத்துக்கு, வருகிறேன் என்று முந்தநாளே பதில் அனுப்பிவிட்டேன். மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை.