கோபால் யாரு?

சூசைராஜ்: பையை இறக்கி வை, ரீட்டா. நாளைக்கு பாண்டிச்சேரி போக வேணாம்.

ரீட்டா: அப்பா, அந்த மெஷினுக்கு மாசக்கணக்கா காத்திருந்து இப்பதான் முறை வந்திருக்கு. விட்டா என் ஆராய்ச்சியே...

சூசைராஜ்: ஆராய்ச்சி இருக்கட்டும். கோபால் யாருன்னு உன் வாயால சொல்லு.

ரீட்டா: எந்த கோபாலு?

சூசைராஜ்: மொட்டைமாடில போன்ல சொன்னியே. "கோபாலு ஒத்தையா நின்னா எல்லாமே கெட்டுடும்"னு. துணி எடுக்க வந்தேன்... காதுல விழுந்துச்சு.

ரீட்டா: அய்யோ... அது கோபால்ட். கடைசில 'ட்' இருக்கு.

சூசைராஜ்: இனிஷியலை யாரு பின்னாடி போடுறா?

ரீட்டா: ஆளே இல்லப்பா. அது ஒரு உலோகம், இரும்பு மாதிரி. உங்களுக்கு கால் மரத்துப்போனப்ப டாக்டர் சிவப்பா ஒரு ஊசி போட்டாருல்ல...

சூசைராஜ்: பி12. வலி உயிர் போச்சு.

ரீட்டா: அந்த வைட்டமினுக்கு நட்டநடுவுல உட்கார்ந்திருக்கறதுதான் கோபால்ட்.

சூசைராஜ்: அப்ப எனக்குள்ளயும் கோபாலு இருக்கானா?

ரீட்டா: இருக்கு. 'இருக்கான்' இல்ல.

சூசைராஜ்: ஒத்தையா நின்னா கெட்டுடும்னியே?

ரீட்டா: அது எலக்ட்ரான். பாண்டிச்சேரி மெஷின் ஒரு பெரிய காந்தம்பா. அதுக்குள்ள வைட்டமினை வச்சா, எந்த அணு எங்க இருக்குன்னு சிக்னல் வரும். கோபால்ட்ல ஒரு எலக்ட்ரான் ஜோடியில்லாம நின்னா, சிக்னல் எல்லாம் கலங்கிடும்.

சூசைராஜ்: சரி... "வெளிச்சத்துக்கு வந்தா பிரிஞ்சிடும், அதான் இருட்டுலயே வச்சிருக்கேன்"னியே? அது?

ரீட்டா: அதுவும் வைட்டமின்தான். வெளிச்சம் பட்டா கோபால்ட்டை விட்டு ஒரு பக்கம் கழண்டுக்கும். அதுக்குத்தான் அலுமினியத் தாள்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல...

சூசைராஜ்: அந்தப் பொட்டலமா? நான் மீன் வறுவல்னு நெனச்சு...

ரீட்டா: பிரிச்சீங்களா?

சூசைராஜ்: சேச்சே. மோந்து பார்த்தேன். வாசமே இல்ல, வச்சுட்டேன்.

ரீட்டா: அப்ப நாளைக்கு போகலாம்ல?

சூசைராஜ்: போம்மா, போ. ஆனா...

ரீட்டா: என்ன ஆனா?

சூசைராஜ்: கீழவாஞ்சூர்ல, எங்க துறைமுகத்துல, லாரியை எடை போடுற பையன் ஒருத்தன் இருக்கான். பேரு... கோபால்.

ரீட்டா: அவர்கிட்ட என்னப்பா கேட்டீங்க?

சூசைராஜ்: தன்மையாத்தான் கேட்டேன். "என் பொண்ணை விரும்புறியா தம்பி"ன்னு.

ரீட்டா: அவரு?

சூசைராஜ்: கொஞ்ச நேரம் யோசிச்சான். "ஆமாங்க"ன்னுட்டான்.

ரீட்டா: என்னை அவரு பார்த்ததே இல்லையேப்பா.

சூசைராஜ்: அதான் எனக்கும் இப்ப உதைக்குது. உன் போட்டோவை வேற கேட்டான்.

ரீட்டா: நல்லவேளை, இதோட விட்டீங்களே.

சூசைராஜ்: அந்தப் பையை இப்படிக் குடு, நானே எடுத்து வைக்கிறேன்.

ரீட்டா: அப்பா.

சூசைராஜ்: ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வரச்சொல்லிட்டேன். அப்பா அம்மாவைக் கூட்டிட்டு.

ரீட்டா: ஞாயித்துக்கிழமையா? அன்னைக்கு முடியாதே.

சூசைராஜ்: ஏன்?

ரீட்டா: அன்னைக்கு... ஜெயபிரகாஷ் வர்றாரு. அவங்க வீட்டு ஆளுங்களோட.

சூசைராஜ்: ஜெயபிரகாஷா? அது எந்த உலோகம்?

ரீட்டா: இது ஆளுதாம்ப்பா. அந்த காந்த மெஷினை ஓட்டுறவரு. மொட்டைமாடில அவர்கிட்டதான் பேசிட்டிருந்தேன்... கோபால்ட் பத்தி பேசினது கொஞ்ச நேரம்தான்.