தண்ணி வேண்டாம் என்ற வாத்தியார்

மேடையில் இருக்கும் பெரியோர்களே, திண்டுக்கல்லிலிருந்தும் நிலக்கோட்டைப் பக்கமிருந்தும் வந்திருக்கும் சொந்தங்களே, தகப்பனைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி நான்சியே, வணக்கம்.

இருதயநாதன் வாத்தியாரைப் புகழத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். ஆனால் ஆறு வருசமாக அந்த மனுசனைச் சந்தேகப்பட்டவன் நான்!

பின்னே? ரிட்டயர்டான வாத்தியார் ஒருத்தர் மொபெட்டில் வந்து, "அப்பு அழகுராஜா, ஒங்க கொள்ளுத்தாத்தா எந்த வழியா சிலோனுக்குப் போனாரு?" என்று கேட்டால் என்ன நினைப்பீர்கள்? பட்டாவுக்கு வேட்டு வைக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மல்லிகைத் தோட்டத்துப் பத்திரத்தை அன்றைக்கே பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மண்டபம் வரை நடை, அப்புறம் தோணி, மறுபடி காட்டுக்குள் நடை. அப்படிப் போய்க் காடு வெட்டித் தோட்டம் போட்ட நம் முன்னோரின் குடும்பங்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்தவர் யார்? நம் வாத்தியார்! பேகம்பூர் ஜமால் முகமது வீட்டுப் பழைய கடுதாசியை வைத்து, கண்டியிலுள்ள சொந்தத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் யார்? நம் வாத்தியார்!

ஆனால் என் வீட்டில் ஒரு வாய் தண்ணி குடித்ததில்லை. ஒரு வாய்! "குடிச்சிட்டுத்தான் வாரேன் அப்பு" என்பார். சாதி பார்க்கிறாரோ? மருந்து கிருந்து வைத்துவிடுவோம் என்று பயமோ? என் வீட்டுக்காரி பழனியம்மாள், "இந்த ஆளு எதையோ மறைக்கிறாரு" என்றாள். மறைக்கத்தான் செய்தார்.

நேற்று நான்சி அவருடைய நோட்டு ஒன்றைக் கொடுத்துச்சு. அந்தக் காலத்தில் கூடப் போன ஒருவர் சொன்னதன் நகல் அதில் இருக்கிறது. எங்கள் கொள்ளுத்தாத்தா ராமர் கங்காணி நாற்பது பேரைக் கூட்டிப் போய்க் கரைசேர்த்தவர் என்று சொல்லித் திரிகிறோமே? புறப்பட்டது நாற்பத்தோரு பேர். காய்ச்சலில் விழுந்த ஒரு பொம்பளை தண்ணி கேட்டிருக்கிறாள். "நின்னா எல்லாரும் சாவோம், நடங்க" என்று தாத்தா அவளைக் காட்டுப் பாதையிலேயே விட்டுவிட்டார். அவள் பெயர் இஞ்ஞாசியம்மாள். கைப்பிள்ளையைத் திண்டுக்கல்லில் தாயிடம் விட்டுப் போனவள். அந்தப் பிள்ளையின் பேரன்தான் நம் வாத்தியார்.

ஏன் சார் என்னிடம் சொல்லவில்லை? தாங்கமாட்டேன் என்றா, நோட்டைக் கிழித்துவிடுவேன் என்றா? நான்சி, நீயும் நேற்றென்று பார்த்து ஏன் தாயி கொடுத்தாய்? மேடையில் என்ன பேசுகிறேன் என்று பார்க்கவா? உண்மையைச் சொல்கிறேன், அந்த நோட்டோடு அடுப்பு வரைக்கும் போனேன். கை வரவில்லை.

ஊர் முகப்பில் தாத்தாவுக்காக நாங்கள் நடப்போகும் கல்லில் முதல் பெயர் இஞ்ஞாசியம்மாள். தாத்தா பெயர் அதற்குக் கீழேதான். வாத்தியார் தேடி முடிக்காத குடும்பங்களை இனி நான் தேடுவேன். இது இந்தச் சபைக்கு நான் கொடுக்கும் வாக்கு.

தங்கச்சி, கூட்டம் முடிஞ்சதும் உன் வீட்டுக்கு வாரேன். ஒரு சொம்பு தண்ணி கேப்பேன். குடுக்குறதும் குடுக்காததும் உன் இஷ்டம்.