மக்ரூனுக்கு வந்த ஆதரவு

மழையில் புதுக்கோட்டையைத் தாண்டிய பேருந்தில் முன் இருக்கைப் பெண், நான் எண்ணியவரை ஏழாவது முறையாகச் செல்போனைப் பார்த்துவிட்டுக் கணவரிடம் சொன்னாள்:

"சொந்தக்காரங்கள போன்ல வர்ற நம்ம கடை விளம்பரத்தத் தொடாம இருக்கச் சொல்லுங்க."

"நாந்தான ஆதரவுக்குத் தேடித் தொடச் சொன்னேன்!"

"ஒவ்வொரு தொடுதலுக்கும் நம்ம காசுல்லா போவுது? விடிஞ்ச ஒடனே அன்னைக்கு விளம்பரத்துக்குக் கட்டுன பணம் தீந்துருது. மெட்ராஸ்காரன் 'தூத்துக்குடி மக்ரூன்'னு தேடுனா நம்ம கடை வரவே மாட்டேங்கு."

"சொந்தக்காரங்க யாரும் வாங்கலையா?"

"தூத்துக்குடியில இருக்கவங்க மக்ரூன நம்மட்டயா வாங்குவாங்க? இந்த மழைக்கு டப்பாவுல உள்ளது பூரா நமத்துரும்."

கணவரின் செல்போன் ஒலித்தது. "சொல்லுங்க பெரியம்மா" என்றார். அந்தப் பெரியம்மாவின் குரல் பின்னால் இருந்த எனக்கே கேட்டது.

"ஏலே, இன்னைக்கு ஒன் விளம்பரத்தக் காணல. வந்ததும் சொல்லு, நாங்க அஞ்சு போனோட உக்காந்திருக்கோம்."