செத்த மிஷினுக்கு ரெண்டு முழம் மல்லி

சரி… மைக்கைப் புடுங்கறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை சொல்லிடறேனுங்க. இதுல வர்ற கிறுக்கன் நாந்தான். அதனால யாரும் கூச்சப்படாமச் சிரிக்கலாம்.

என்ற மரப்பட்டறையில ஒரு பிளேனர் மிஷின் இருந்துச்சு. பலகையை உள்ள இழுத்து, இழைச்சு, அந்தப் பக்கம் தள்ளும். நான் வாங்கின முதல் மிஷின். ஒரு நாள் மோட்டார் கருகிப்போச்சு, கத்தி மாட்டற உருளையும் விரிசல் விட்டுருச்சு. செத்துப்போச்சு! நான் என்ன பண்ணேன்? எடைக்குப் போட்டனா? இல்ல. கழட்டினனா? அதுவும் இல்ல. பட்டறை நடுவுல நிறுத்தி வச்சு, வருசா வருசம் ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், ரெண்டு முழம் மல்லி… ஓடற மிஷினுக்கெல்லாம் ஒரு முழந்தான்! வர்றவங்ககிட்ட, "இதாங்க என்னை வளர்த்த தெய்வம்"பேன்.

அந்தத் தெய்வத்துக்குப் பக்கத்துலயே ரம்பம் மிஷின். நீளப் பலகை அறுக்கறப்ப, அறுத்து வெளிய வர்றதைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும். யாரு பிடிச்சா? என்ற சம்சாரத்தோட தம்பி, குப்புராஜ். நாள் பூரா குனிஞ்சு குனிஞ்சு தாங்கி, அவன் இடுப்பே போச்சு. ஒரு நாள் பலகையைக் கீழ வச்சுட்டான். "இனி முடியாதுங்க மாமா… நாளையில இருந்து நான் வரல."

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "ஏன் மாப்ள… தைலம் தேய்ச்சுப் பாத்தியா?" சிரிங்க, நல்லாச் சிரிங்க!

சோறு கொண்டாந்த என்ற சம்சாரம் மயிலாத்தா இதைக் கேட்டுட்டா. தூக்குப்போசியை எங்க வச்சா? நேரா அந்தப் பிளேனர் மேல… டொக்குனு! "ஏய், சாமி இருக்கற எடம்!"ங்கறேன். அவ சொல்றா, "செத்த மிஷினுக்குப் பூ வாங்கத் தெரியுதுல்ல? உசுரோட இருக்கற என்ற தம்பி இடுப்பு ஒடியறது மட்டும் கண்ணுக்குத் தெரியலையா உங்களுக்கு? இதைக் கழட்டினா அவனுக்கு ஒத்தாசையா ஒண்ணுகூடவா தேறாது?"

எனக்கு வந்துச்சு பாருங்க ரோசம்… "இதுல என்னடி இருக்குது, நீயே பாரு"ன்னு ஸ்பேனரை எடுத்துக் கழட்டினேன். அவ சொன்னது தப்புன்னு காட்டறதுக்குன்னே கழட்டினேனுங்க! கழட்டினா… பலகையை இழுக்கற ரோலர் ரெண்டு இருக்குது. விரலால ஒரு தட்டு தட்டினேன். சுத்துது! இன்னொண்ணு? அதுவும் சுத்துது! அடியில இருந்த இரும்பு மேசை, அப்படியே மட்டம்.

மேசையை ரம்பத்துக்குப் பின்னால அதே உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, ரோலரை ரம்பத்துக்கும் மேசைக்கும் நடுவுல மாட்டினோம். குப்புராஜ் பலகையைத் தள்ளினான். அது ரோலர் மேல ஏறி, தானாப் போய் மேசையில படுத்துக்கிச்சு. அவன் என்னைப் பாத்தான்… "இத்தனை நாளா இது இங்கியேவா இருந்துச்சு, மாமா?" கண்ணு கலங்கிருச்சு அவனுக்கு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

அந்த வெக்கம் எத்தனை நாள்? ரெண்டே நாள்! அப்புறம் வர்றவங்ககிட்டெல்லாம், "இது என்ற டிசைனுங்க"ன்னு அளக்க ஆரம்பிச்சுட்டேன்.

ஏன் இதைச் சொல்றேன்? நம்ம மரத்தொழிலாளர் சங்கத்துக்கு இத்தனை வருசம் தலைவரா இருந்தேன். இன்னைக்கு எறங்கறேன். செயலாளர் இப்பத்தான் காதுல சொல்றாரு, எனக்குக் கௌரவத் தலைவர் பதவியாம். மேடையில தனி நாற்காலியாம். வருசத்துக்கொரு பொன்னாடையாம்… ஐயா சாமிகளா! அந்தப் பிளேனருக்கு நான் பண்ணினதைத்தான் எனக்கு நீங்க பண்றீங்க!

மோட்டார் போனது வாஸ்தவந்தான். முட்டி வலிக்குது, ஆளு பேரு மறந்து போகுது. ஆனா சுத்தற ரோலர் ஒண்ணு ரெண்டு எங்கிட்டயும் இருக்குதுங்க. கையில அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடக்கற நம்ம ஆளுங்களுக்குத் துணைக்கு உக்கார யாருமே இல்லைன்னு போன கூட்டத்துல பேசினீங்கல்ல? என்ற பேரை எழுதிக்கங்க. நாளைக்குக் காலையிலயே போறேன்.

உங்க வீட்டுலயும் பாருங்க, உங்க தெருவுலயும் பாருங்க… ஓஞ்சுபோன ஆளுன்னு மரியாதையா ஒதுக்கி வச்சிருப்பீங்க. கும்புட்டது போதுங்க. கிட்டப் போயி, "உங்களால எது முடியும்?"னு ஒரு வார்த்தை கேளுங்க.